பின் ஸ்பீக்கர் போடலாமா, இருப்பதைக் கழற்றலாமா: காரில் கேட்கும் குறையை வைத்துக் கண்டுபிடிப்பது

காருக்கு ஸ்பீக்கர் போடக் கடைக்குப் போனால் முதலில் எடுத்து வைப்பது பின்னால் மாட்டும் ஓவல் ஸ்பீக்கரைத்தான். பெட்டியில் 6×9 (அங்குலக் கணக்கு) என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் மூன்று இலக்க வாட்ஸ். நானும் அப்படித்தான் விழுந்தேன். ஹேட்ச்பேக் வாங்கிய மறுவாரமே, பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ட்ரேயில் இரண்டு ஓட்டை போட்டு ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வந்தேன். முன்கதவில் காரோடு வந்த ஸ்பீக்கரை யாரும் தொடவில்லை. முதல் வெளியூர்ப் பயணத்தில் டோல்கேட் தாண்டுவதற்குள் பின்சீட்டிலிருந்து அம்மா, "பாட்டு போடுறியா, மண்டையில அடிக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டார். முன்னால் இருந்த எனக்கோ, பாடகர் என் பின்கழுத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல இருந்தது.

இதற்கு நேர் எதிராக ஒரு கட்சி உண்டு. பின் ஸ்பீக்கரே தண்டம், கழற்றி எறி என்பார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒலிப் போட்டிக்குத் தயார் செய்யும் கார்களிலிருந்து வந்தது. அங்கே நடுவர் முன்சீட்டில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். பின்சீட்டில் யார் என்ற கேள்வியே இல்லை. நம் வண்டியில் பின்சீட்டில் அம்மா, அத்தை, இரண்டு பிள்ளைகள். அதனால் இரண்டு கட்சியையும் ஓரமாக வைத்துவிட்டு, காதில் என்ன குறை கேட்கிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

எந்தக் குறையானாலும் முதல் வேலை ஒன்றுதான். வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசியை அணைத்து, செட்டில் (டேஷ்போர்டில் இருக்கும் மியூசிக் சிஸ்டம்) பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் என்று சத்தத்தின் தன்மையை மாற்றும் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பாட்டு வேண்டும். ஒன்று அறுபதுகளின் பழைய பாட்டு. அநேகமாக மோனோவில் (இடது, வலது இரண்டிலும் ஒரே சத்தம்) பதிவானதுதான் கிடைக்கும், அதுதான் வேண்டும். இன்னொன்று பேஸ் நன்றாக உள்ள இந்தக் காலப் பாட்டு. முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை முழுதாக முன்னுக்குத் தள்ளி இரண்டையும் ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு முழுதாகப் பின்னுக்கு. பிறகு நடுவில். இந்த மூன்றில் எது நன்றாக இருந்தது, எதில் குறை வந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்தக் குறிப்புதான் ஆதாரம்.

முழுதாக முன்னுக்குத் தள்ளியபோதே சத்தம் சப்பென்று இருந்தால், கோளாறு முன்கதவில். பின்னால் எதைப் போட்டாலும் அதை மூடி மறைக்கலாமே தவிரச் சரிசெய்ய முடியாது. இருக்கிற பணத்தை முன் ஸ்பீக்கருக்கும், அதைவிட முக்கியமாக தகடு அதிராமல் இருக்க முன்கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட்டுக்கும் போடுங்கள். நான் முதலில் செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

குறை: பாட்டு தலைக்குப் பின்னாலிருந்து வருகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. காரணம் தெரிந்தால் திருத்துவதும் எளிது.

ஒரே சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தால், எது முதலில் காதுக்கு வந்து சேர்கிறதோ அங்கிருந்து வருவதாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். அதனால் ஹாஸ் விளைவு என்றே பெயர். ஒரு மில்லி செகண்ட் அளவு முந்தினாலே போதும், அந்தப் பக்கம் ஜெயித்துவிடும்.

இப்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். உங்கள் காதிலிருந்து வலது முன்கதவு ஸ்பீக்கர், இடது முன்கதவு ஸ்பீக்கர், பின்கதவு ஸ்பீக்கர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். சின்ன வண்டியில் வலது முன் ஸ்பீக்கர் ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் இருந்தால், இடது முன் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர் அருகில் இருக்கும். உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் வலது பின்கதவு ஸ்பீக்கர் இடது முன் ஸ்பீக்கரைவிடப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 60 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1.8 மில்லி செகண்ட். காதுக்கு இது தாராளமான நேரம். போதாக்குறைக்கு முன் ஸ்பீக்கர் முழங்காலுக்கும் டேஷ்போர்டுக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. பின்னால் இருப்பதற்கு அவ்வளவு தடை இல்லை.

திருத்தம் இரண்டு வகை. உங்கள் செட்டில் டைம் அலைன்மென்ட் (பக்கத்து ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி எல்லாச் சத்தத்தையும் ஒரே நேரத்தில் காதுக்குச் சேர்க்கும் வசதி) இருந்தால், அளந்த தூரங்களை அப்படியே அதில் போடுங்கள். பெரும்பாலான செட்டுகள் சென்டிமீட்டரிலேயே கேட்கும். அப்புறம் மோனோப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவில், கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டீரியோப் பாட்டில் இதைச் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும்; குரலை நட்டநடுவில் வைத்துத்தான் கலந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

டைம் அலைன்மென்ட் இல்லாத சாதாரண செட்டா? ஃபேடர் போதும். நடுவிலிருந்து ஒவ்வொரு படியாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், பின் ஸ்பீக்கர் பாடுகிறதா இல்லையா என்றே தெரியாது. அங்கே நிறுத்துங்கள். சரியான இடம்தானா என்று பார்க்க, சட்டென்று முழுதாக முன்னுக்குத் தள்ளுங்கள்: அறை கொஞ்சம் சுருங்கியதுபோலத் தோன்றினால் பின் ஸ்பீக்கர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் அது உங்களுக்கு இல்லாததுக்குச் சமம். பின்சீட்டில் யாரும் வராத வண்டி என்றால் தாராளமாகக் கழற்றிவிடலாம்.

குறை: பின் ஸ்பீக்கர் போட்டதும் பேஸ் குறைந்துவிட்டது

இரண்டு ஸ்பீக்கர் நாலாகும்போது பேஸ் கூடத்தானே வேண்டும்? குறைந்தால் முதல் சந்தேகம் பிளஸ், மைனஸ் மாறிப்போனதுதான். முன் ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) காற்றை வெளியே தள்ளும் அதே நொடியில் பின் ஸ்பீக்கர் உள்ளே இழுத்தால், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். அவசரத்தில் வயர் முறுக்கும் இடங்களில் இது சர்வசாதாரணம்.

குறிப்பை எடுங்கள். ஃபேடர் முழுதாகப் பின்னால் இருந்தபோதே பேஸ் இல்லையா? அப்படியானால் பின்னால் இருக்கும் இரண்டில் ஒன்று தலைகீழ். முன்னால் மட்டும் நன்றாக இருந்து, பின்னால் மட்டுமும் நன்றாக இருந்து, ஃபேடரை நடுவில் வைத்ததும் பேஸ் காணாமல் போனால், பின் ஜோடி முழுவதுமே தலைகீழ்.

உறுதி செய்ய ஒரு பென்டார்ச் செல் போதும். செட்டை அணைத்து, ஸ்பீக்கர் வயரைச் செட் பக்கத்தில் கழற்றிக்கொள்ளுங்கள். செட்டோடு இணைந்திருக்கும்போது செல்லை வைக்கவே கூடாது. 1.5 வோல்ட் செல்லின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸ் என்று நீங்கள் நினைக்கும் வயரில் வைத்து, மைனஸை மற்றதில் ஒரு தட்டுத் தட்டுங்கள். 'டொப்' என்று கேட்கும். கோன் வெளியே துள்ளினால் நீங்கள் நினைத்தது சரி. உள்ளே போனால் மாற்றிப் போட்டிருக்கிறது. ஒருவர் செல்லைத் தட்ட, இன்னொருவர் கிரில்லைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சுலபம். என் வண்டியில் செல்லைத் தட்டியது என் மகள்; "உள்ள போகுதுப்பா" என்று அவள் சொன்னபோதுதான், ஆறு மாதமாக வலது ஓவல் தலைகீழாகப் பாடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வெளியில் வாங்கும் செட்டுகளின் ஹார்னஸில் (பின்னால் வரும் வயர்க் கொத்து) நிறம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். காரோடு வந்த வயரிங்கில் இந்த நிறங்களை நம்பாதீர்கள்; அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வயர் சரியாக இருந்தும், நாலும் பாடும்போது மட்டும் மத்தளமும் தவிலும் மெலிந்து கேட்டால், அது தூரத்தால் வருவது. முன், பின் ஸ்பீக்கர்களுக்கு இடையில் உங்கள் காதுக்கு அரை மீட்டர் வித்தியாசம் இருந்தால், 340 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் எதிரெதிராக வந்து மோதும். பின் ஸ்பீக்கருக்கு, தாழ்ந்த சத்தத்தைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு, அதைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். சில வண்டியில் 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். பின்னால் பேஸ் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அந்த வேலையை முன்கதவும், இருந்தால் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபரும் பார்த்துக்கொள்ளும்.

குறை: பின்னாலிருந்து கடகடவென்று நடுங்குகிறது

பார்சல் ட்ரே! ஹேட்ச்பேக்கில் அது பக்கத்துக்கு ஒரு குமிழ், இரண்டு கயிறு, இவ்வளவில் தொங்கும் அட்டை. சூட்கேஸை மறைக்கச் செய்தது. ஸ்பீக்கர் சுமக்கச் செய்ததில்லை. கோன் ஒரு பக்கம் தள்ளினால் ட்ரே மறு பக்கம் ஆடும். சக்தியில் ஒரு பங்கு அதை ஆட்டவே போய்விடும். அது மட்டுமா, ஸ்பீக்கரின் முதுகுப்பக்கத்துச் சத்தம் ட்ரேயின் நாலு ஓரச் சந்திலும் புகுந்து முன்பக்கத்துச் சத்தத்தோடு கலந்து பேஸைக் கரைக்கும். அதே 6×9 ஸ்பீக்கரை செடானில் போட்டால் கேட்க நன்றாக இருப்பதற்குக் காரணம், அங்கே பின்கண்ணாடிக்குக் கீழே இருப்பது தகடு. அடியில் டிக்கி தனி அறையாக மூடியிருக்கிறது.

சோதனை: பேஸ் பாட்டு ஓடும்போது உள்ளங்கையை ட்ரேயின் நடுவில் அழுத்துங்கள். நடுக்கம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் நம்பர் பிளேட், பின் வைப்பர், சீட் பெல்ட் கொக்கி என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். நம்பர் பிளேட் என்றால் பின்னால் நாலு துண்டு ஃபோம் டேப் போதும், ஐந்து நிமிட வேலை.

ட்ரேதான் என்றால் ஒட்டு வேலை எதுவும் நிலைக்காது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புது ட்ரே செய்து, ஓரத்தில் ஃபோம் பட்டை ஒட்டி, போல்ட் போட்டு இறுக்கலாம். நான் அதைச் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். ஒரு ஜோடி ஓவல் ஸ்பீக்கரே மூன்று கிலோவை ஒட்டி வரும், கூடவே பலகை. வண்டி எங்காவது மோதி நின்றால் அது நேரே பாய்வது பின்சீட்டில் இருப்பவர் தலைக்கு. அம்மாவின் தலைக்குப் பின்னால் ஒரு ஜாண் தூரத்தில் அதை வைத்துக்கொண்டு எனக்கு வண்டி ஓட்ட மனம் வரவில்லை. ஓவலைக் கழற்றி விற்றுவிட்டு, பின்கதவில் காரோடு வந்த இடத்திலேயே சின்னக் கோஆக்சியல் (கோனின் நடுவிலேயே ட்வீட்டரும் சேர்ந்த) ஜோடி ஒன்றைப் போட்டேன். ட்ரேயில் அந்த இரண்டு ஓட்டை இன்னும் இருக்கிறது. ஒன்றில் அம்மா குடையைச் செருகிவைப்பார்.

பின்கதவில் போட்டும் நடுங்கினால், டோர் பேடு (கதவின் உள்பக்க மூடி) கிளிப் உடைந்திருக்கும். கடையில் பேடை இழுத்துக் கழற்றும்போது ஒன்றிரண்டு போவது வழக்கம். கிளிப் விலை சொற்பம், வாங்கி மாட்டிவிடுங்கள்.

குறை: சத்தம் கூட்டினால் கரகரப்பு, அல்லது செட்டே அணைந்து அணைந்து வருகிறது

செட்டின் மேல் எழுதிய 50×4 வாட்ஸைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். அதை அப்படியே 4 ஓம் ஸ்பீக்கரில் கொட்டினால் 14.4 × 14.4 ÷ 4, ஏறக்குறைய 52. பெட்டியில் இருக்கும் 50 இங்கிருந்துதான் வந்தது; சதுர அலையாக, முழுதும் சிதைந்த நிலையில் மட்டும் கிடைக்கும் எண் அது. சுத்தமாகக் கேட்கும்படி ஒரு சேனலுக்கு வருவது 15, 20 வாட்ஸ். தனி ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் பெரிய ஓவலைப் பின்னால் போட்டு, போதவில்லை என்று வால்யூமை ஏற்றினால் நாலு சேனலும் சேர்ந்து கரகரக்கும். கோளாறு ஸ்பீக்கரில் இல்லை.

செட் அணைந்து வந்தால் வயரிங்கைப் பாருங்கள். பின்னால் தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, முன் ஸ்பீக்கர் வயரிலேயே பின் ஸ்பீக்கரையும் ஜோடி சேர்த்திருப்பார்கள். இரண்டு 4 ஓம் பக்கவாட்டில் சேர்ந்தால் 2 ஓம். பெரும்பாலான செட்டுகள் அதைத் தாங்காது, சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவும் ஃபேடர் போதும்: பின்னுக்குத் தள்ளியபோது எல்லாம் ஊமையானால், அல்லது முன்னுக்குத் தள்ளியும் பின் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தால், ஜோடி சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு தப்பு, ஸ்பீக்கர் மைனஸை பாடியில் எர்த் கொடுப்பது. இந்தக் காலத்து செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயரிலும் சிக்னல் ஓடுகிறது. அதைப் பாடியில் தொடவிட்டால் செட் போய்விடலாம்.

குறை: பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஊமை, அல்லது கதவைத் திறந்து மூடினால் வருகிறது, போகிறது

கதவோடு வருகிறது, போகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும்.

நிரந்தர ஊமை என்றால் இடது, வலது பங்கீட்டு பேலன்ஸை முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பிள்ளைகள் டச் ஸ்கிரீனை நோண்டும் வீட்டில் இதுவும் நடக்கும். அப்புறம் மல்டிமீட்டர். வயரைக் கழற்றி ஸ்பீக்கர் முனையில் ஓம் வைத்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது. எண் சரியாக வந்தும் சத்தம் கரகரத்தால், கோனை விரல் நுனிகளால் நாலு பக்கமும் சமமாக மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் கோணிவிட்டது. இரண்டுக்கும் மாற்றுவதுதான் வழி.

குறை: பின்னால் மட்டும் குரலே இல்லை, போர்வைக்குள் பாடுவதுபோல இருக்கிறது

செட் மெனுவில் ரியர் அவுட்புட் என்று ஒன்று இருக்கும். அது சப்வூஃபர் என்று இருந்தால் ரியர், அல்லது ஃபுல் என்று மாற்றுங்கள். முடிந்தது. இதற்காக நல்ல ஸ்பீக்கரை மாற்றியவரை எனக்குத் தெரியும்.

குறை: ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் விசில்

இது பின் ஸ்பீக்கரின் குற்றமில்லை. பின்னால் ஆம்ப் வைத்ததன் குற்றம். ஆம்பின் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், முடிந்தவரை குட்டையாகக் கொடுங்கள். செட்டிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரைப் பவர் வயர் போகும் பக்கத்தில் விடாமல் எதிர்ப்பக்கமாக இழுங்கள்.

குறை: பின்சீட்டில் இருப்பவருக்குக் கேட்கவில்லை, அல்லது அளவுக்கு மேல் கேட்கிறது

இதை முன்சீட்டிலிருந்து தீர்க்க முடியாது. வேறொருவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள். ஓடும் வண்டியில், ஜன்னல் மூடி, ஏசி ஓடும்போது. ஹைவேயில் டயர் இரைச்சல் பின்சீட்டில்தான் அதிகம். அங்கே முன் ஸ்பீக்கரின் குரல் சீட்டின் முதுகில் பட்டு மங்கிப்போகும். பிள்ளைகள் "சத்தமா வைப்பா" என்று கத்துவதும், நீங்கள் வால்யூமை ஏற்றி உங்கள் காதைக் கெடுத்துக்கொள்வதும் இதனால்தான். இப்படிப்பட்ட வண்டியில் பின் ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும். பெரியதாக இருக்க வேண்டியதில்லை. குரல் தெளிவாக வந்தால் போதும்.

சத்தம் குத்துகிறது என்றால், வால்யூமைக் குறைக்கும் முன் ட்வீட்டர் (உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். பார்சல் ட்ரேயில் இருக்கும் ட்வீட்டர் பின்கண்ணாடியில் பட்டு, தெறித்து நேரே காதுக்கு வரும்.

முன்னாலும் வேண்டும், பின்னாலும் வேண்டும் என்றால்

டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியாகத் திருத்தும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பின் ஸ்பீக்கரை 300 ஹெர்ட்ஸுக்கு மேல், 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் மட்டும் பாடவிட்டு, முன்னதைவிட நன்றாகத் தாழ்த்தி, 15 மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். ஹாஸ் சொன்னதே இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்யும்: முன் ஸ்பீக்கர் முந்திவிடுவதால் பாடகர் டேஷ்போர்டிலேயே நிற்பார், காருக்குள் மட்டும் இடம் கூடியதுபோல இருக்கும். தாமதத்தை 30 மில்லி செகண்டுக்கு மேல் ஏற்றினால் எதிரொலியாகப் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும். அங்கிருந்து இறங்கி வாருங்கள். பின்சீட்டில் ஆள் ஏறும் நாளுக்கு, தாமதமும் தாழ்த்தலும் இல்லாத இரண்டாவது பிரிசெட் (சேமித்த அமைப்பு) ஒன்றைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி மேலே போய், இடது சேனலிலிருந்து வலதைக் கழித்து, வித்தியாசத்தை மட்டும் பின்னால் அனுப்புவார்கள். அமெரிக்க ஆம்ப் தயாரிப்பாளர் டேவிட் ஹாஃப்லர் வீட்டு ஸ்டீரியோவுக்காகப் பரப்பிய பழைய யுக்தி அது. நடுவில் இருக்கும் குரல் கழிந்துபோய், பக்கவாட்டு வாத்தியமும் எதிரொலியும் மட்டும் பின்னால் வரும். அவர் சொன்ன வயரிங் இரண்டு சேனலுக்கும் மைனஸ் பொதுவாக உள்ள ஆம்புக்கானது; கார் செட்டின் ஸ்பீக்கர் வயரில் அதை முயலாமல் டிஎஸ்பி மெனுவிலேயே செய்யுங்கள். அப்படி வைத்த பிறகு அறுபதுகளின் பாட்டு ஒன்றைப் போட்டதும் பின் ஸ்பீக்கர் இரண்டும் கப்சிப் என்று ஆகிவிட்டால் டோர் பேடைக் கழற்றத் தொடங்காதீர்கள். மோனோவில் இடதும் வலதும் ஒன்று. கழித்தால் பூஜ்யம்தான் வரும்.